ஸ்ரீநகர்ப் பெட்டி

அக்டோபர் 9, வியாழன்

காலையிலிருந்து சாரல். துணி காயாது. ஷோகேஸ் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்து, பாதியில் நிற்கிறது.

புதுப் போதகரின் மனைவி, ஐயரம்மா, பத்து மணிக்கு வந்தார். சின்னப் பெண். செருப்பைக் கழற்றியதும் நேரே ஷோகேஸ் முன்னால் போய் நின்றுவிட்டார்.

"ஆன்ட்டி, இதெல்லாம் நீங்க போய் வாங்கினதா?"

"போனதும் உண்டு, வந்ததும் உண்டு" என்றேன். கெட்டிக்காரப் பதில் என்று எனக்கே ஒரு பெருமை.

விஷயம் இதுதான். 19ஆம் தேதி அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் சபை ஹாலில் ஒரு கண்காட்சி. வீட்டுக்கு வீடு பத்திரமாக வைத்திருக்கும் நினைவுப் பொருட்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சீட்டு: எங்கிருந்து, யார் தந்தது.

"உங்களுக்குத்தான் பெரிய மேசை ஆன்ட்டி."

பெரிய மேசை என்றதும் வந்த சந்தோஷம்! அறுபத்திரண்டு வயது எனக்கு.

ஜே.யை மீன் வாங்க அனுப்பினேன். (கட்டியவர் பெயரை முழுதாக எழுத இன்றும் கூச்சம்.) மறந்து முட்டை வாங்கி வந்தார்.

வேண்டியவை: வெள்ளை அட்டை, கறுப்பு ஸ்கெட்ச், பழைய பேப்பர், பசை.

அக்டோபர் 10, வெள்ளி

வெயில். முழங்கால் வலி குறைவு. சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பிச் சீட்டு எழுதினேன்.

1. பளிங்குத் தாஜ்மகால். ஆக்ரா. ஆபீஸ் டூர். ஒரு தூண் ஒடிந்து ஒட்டியது.
2. சந்தன யானை. மைசூர். வாசனை போயாச்சு.
3. ஒட்டகம். மஸ்கட். மகன் ஜோயல் தந்தது. சீட்டில் 'அன்பு மகன்' என்று எழுதி, பிறகு 'அன்பு' வேண்டாம் என்று வேறு சீட்டு.
4. சிங்கத்தலை மீன், சாவி வளையம். சிங்கப்பூர்.
5. ஜெய்ப்பூர்ச் செருப்பு, ஒட்டகத் தோல், மூன்று வயதுக் குழந்தை அளவு. அப்பா தந்தது.
6. பிரோசாபாத் வளையல், நாலு. அப்பா.
7. யோர்தான் தண்ணீர், குப்பி.

ஏழாவதில் பேனா நின்றது. எருசலேமுக்கு நான் போனதில்லை. கூட வேலை பார்த்த வசந்தா கொண்டுவந்து கொடுத்தாள். ஆனால் நான் போய் வந்ததாகச் சபையில் பாதிப்பேர் நினைப்பு. யாரும் கேட்டதில்லை, நானும் திருத்தியதில்லை. கடைசியில் 'யோர்தான் நதி' என்று மட்டும் எழுதினேன். அது பொய் இல்லை.

சாயங்காலம் மைனி போன். அண்ணன் மனைவி, ரெஜினா மைனி.

"ஐயரம்மா இஞ்சயும் வந்தா. எங்கிட்ட என்ன இருக்கு லில்லி? நான் ஒண்ணும் எடுத்து வச்சதில்ல. பலகாரத்துக்கு ஆள் வேணும்னா சொல்லு, கொழுக்கட்ட அவிச்சுத் தாரேன்."

"சரி மைனி" என்றேன். போனை வைத்த பிறகும் அங்கேயே நின்றேன்.

நான் ஒண்ணும் எடுத்து வச்சதில்ல.

எட்டாவது ஒன்று இருக்கிறது. ஷோகேஸில் இல்லை. பீரோவில், கல்யாணப் பட்டுக்கு அடியில், தலையணை உறையில் சுற்றி. பன்னிரண்டு வருஷமாக. அதற்குச் சீட்டு எழுத முடியாது.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு அண்ணன் வீட்டில் சாப்பாடு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மாறாது. நெய்மீன் குழம்பு, மரவள்ளிக்கிழங்கு, மோர். எனக்கு மீன்தலை பிடிக்கும் என்று மைனி எனக்கே வைப்பார். இன்றும் வைத்தார்.

அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர். வீட்டிலும் குரல் பஸ் குரல்தான். "லேய் ஜெபராஜ், பைய சாப்பிடு, வண்டி ஒண்ணும் எடுக்கல்ல" என்று ஜே.யைக் கேலி.

அம்மா படுத்திருந்த அறையில் இப்போது அரிசி டிரம்மும் தையல் மிஷினும். கை கழுவப் போகும்போது அந்தக் கதவைக் கடக்க வேண்டும். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

இன்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன். உண்மையில் இருந்தேனா? மைனி அடுக்களையில் தனியாகத்தான் நின்றார். "மைனி..." என்றேன். திரும்பினார். "குழம்பு நல்லா இருந்து" என்றேன்.

"கொஞ்சம் பாத்திரத்துல தாரேன், கொண்டு போ."

கொண்டு வந்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை. கரண்ட் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒருமுறையாவது முழுதாக எழுதிப் பார்க்கிறேன்.

அப்பா லாரி டிரைவர். இங்கிருந்து ரப்பர் ஷீட் ஏற்றி ஜலந்தர் வரை. போய் வர மாதம் ஆகும். வரும்போதெல்லாம் எனக்கு ஒன்று. ஒரே ஒரு தடவை ஆப்பிள் லோடுக்காக ஸ்ரீநகர் போனார். நான் அப்போது ஒன்பதாவது. அங்கிருந்து ஒரு பெட்டி: வால்நட் மரம், உள்ளங்கை இரண்டையும் சேர்த்த அளவு, மூடியில் ஐந்து விரல் போல ஒரு இலை செதுக்கியது. அடியில் மையால் அப்பா கையெழுத்து: 'லில்லிக்கு. ஸ்ரீநகர்.'

எனக்கென்று வந்ததுதான். ஆனால் அப்பா இறந்ததும் அம்மா அதை எடுத்துக்கொண்டாள். அப்பாவின் டிரைவர் பேட்ஜ், பித்தளை, நம்பர் போட்டது; ஜலந்தரிலிருந்து போட்ட ஒரு கார்டு, 'நலம். புதன் புறப்படுவேன்' என்று மூன்றே வார்த்தைச் செய்தி. இரண்டையும் அதில் வைத்து, தினமும் ஜெபம் முடித்துத் திறந்து பேட்ஜைத் தடவிவிட்டு மூடுவாள். முப்பது வருஷம்.

அம்மா இடுப்பு ஒடிந்து படுத்தபோது பார்த்தது மைனி. மலம் எடுத்தது, குளிப்பாட்டியது, புண் வராமல் புரட்டிப் போட்டது எல்லாம். நான் வாரம் ஒருநாள் ஆரஞ்சுப் பழத்துடன் போவேன்.

அந்த வருஷம்தான் எனக்கு ஷோகேஸ் செய்து வந்தது. நடுத்தட்டு காலி. ஒருநாள் போனேன், அம்மா தூங்கினாள், பெட்டி தலைமாட்டில். என்னுடையதுதானே என்று எடுத்துக் கைப்பையில் போட்டேன். கேட்டால் தந்திருக்க மாட்டாள். அதனால் கேட்கவில்லை.

தூங்கி எழுந்ததும் தேடியிருக்கிறாள். அறைக்குள் வந்து போனவர் மைனி ஒருத்திதான் என்று சொல்லியிருக்கிறாள். நான் வந்ததே அம்மாவுக்குத் தெரியாது. மைனி வயலுக்குப் போயிருந்த நேரம், நான் பின்வாசல் வழியாக வந்து அப்படியே போயிருந்தேன்.

நாலாம் நாள் திருப்பி வைக்கப் போனேன். சத்தியமாகத் திருப்பி வைக்கத்தான். பெட்டி கைப்பையில். உள்ளே நுழைந்தால் அம்மா அழுகை. அண்ணன் பைபிளை விரித்து எடுத்துக்கொண்டு வந்து மைனி முன்னால் நீட்டினான். "எடுக்கல்லன்னா இதத் தொட்டுச் சொல்லு." மைனி அடுக்களையிலிருந்து வந்த கோலத்தில் நின்றார். என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் கட்டிலில், கைப்பை மடியில்.

மைனி தொட்டுச் சொன்னார். அம்மா நம்பவில்லை. "வேதத்தையே தொட்டுப் பொய் பறையுதா" என்றாள்.

நான் என்ன செய்தேன்? "அழாதம்மா, உடம்புக்கு ஆவாது" என்றேன்.

கடைசி மாதம் அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டாள். "லில்லி, நீ கண்டியா மக்கா?"

"இல்லம்மா."

அந்தப் பெட்டியை ஷோகேஸில் ஒருநாளும் வைக்க முடியவில்லை. நடுத்தட்டில் தாஜ்மகால்தான் இருக்கிறது.

கரண்ட் வந்துவிட்டது. மிக்சி போட வேண்டும்.

அக்டோபர் 18, சனி

நாகர்கோவில் கண் டாக்டர். வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே கூட்டம், பண்டிகைச் சாமான் வாங்குகிறவர்கள். பக்கத்து சீட்டுப் பெண் போனில்: "ஏட்டி, அவன் வரல்லன்னா நீ சாப்பிடாம கெடப்பியா?" கண்ணில் மருந்து விட்டு இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். வீடு வந்தபோதும் எல்லாம் மங்கல்.

ஜே. உற்சாகமாக இருக்கிறார். நான் வருவதற்குள் பெட்டி பெட்டியாகக் கட்டி, ஆட்டோவில் ஹாலுக்குக் கொண்டுபோய், மேசையும் அடுக்கிவிட்டாராம். நல்ல மேசைவிரிப்பு பீரோவில் கிடைத்ததா என்றேன். "தேடி எடுத்தாச்சு. நீ நாளைக்கு வந்து பாரு. ஒரு சர்ப்ரைஸ் உண்டு."

இந்த மனிதருக்கு ரிட்டயராகி இப்படி ஒரு வேலை கிடைத்ததே என்று இருந்தது. கண் எரிச்சல். எழுத்து வரியில் நிற்கவில்லை. இவ்வளவு போதும்.

அக்டோபர் 19, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆராதனை முடிந்து ஹாலுக்குப் போக இருபது நிமிஷம் ஆயிற்று. வெளியே காணிக்கைப் பொருட்கள் ஏலம். மைக்கில் "பூசணிக்கா ஒரு தரம், ரெண்டு தரம்". அண்ணன் ஏலத்தில் நின்றான்.

ஹாலில் என் மேசையைச் சுற்றித்தான் கூட்டம். ஐயரம்மா என்னைப் பார்த்ததும் "ஆன்ட்டி, உங்க மேசதான் டாப்பு" என்றார். கூட்டம் விலகியது. நடுவில், வெள்ளை விரிப்பின் மேல், அந்தப் பெட்டி. மூடி திறந்து. உள்ளே பேட்ஜ், தங்கம் போலப் பளபளப்பு. ஜே. சாம்பல் போட்டுத் தேய்த்திருக்கிறார். கார்டு நிறுத்திவைத்து. முன்னால் ஜே. கையெழுத்தில் சீட்டு: 'ஸ்ரீநகர். அப்பா தந்தது.'

விரிப்பைத் தேடிப் பட்டுக்கு அடியில் கை விட்டிருக்கிறார்.

அதன் முன்னால் மைனி. கையில் கொழுக்கட்டைத் தூக்குப் பாத்திரம்.

ஓடிவிடலாம் என்று தோன்றியது.

மைனி பாத்திரத்தைக் கீழே வைத்தார். கையை முந்தானையில் துடைத்தார். பெட்டியை எடுத்து, புரட்டி, அடியில் எழுதியிருப்பதைப் படித்தார். மெதுவாக, உதடு அசைய. லில்லிக்கு. பிறகு இருந்த இடத்தில் வைத்து மூடியை மூடினார். சத்தம் வராமல்.

என்னைப் பார்த்தார்.

"கிட்டிச்சா லில்லி?"

நான் அந்தச் சீட்டையே பார்த்தேன்.

"எப்பம் கிட்டிச்சு?"

ஐயரம்மா சிரித்த முகத்தோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "காணாம போயிருந்துதா ஆன்ட்டி?"

"ஆமா" என்றது மைனிதான். "ரொம்ப நாள் தேடுனோம்." பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பலகார மேசைக்குப் போனார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இலைத் துண்டில் கொழுக்கட்டை வைத்து எல்லாருக்கும் கொடுத்தார்.

என் மேசைக்கு முதல் பரிசு. எவர்சில்வர் குத்துவிளக்கு.

அக்டோபர் 20, திங்கள்

எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இல்லை.

ஜே. கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார். "என்ன லில்லி? நான் எடுத்தது தப்பா? அம்மைக்க பெட்டின்னு ஹால்ல சொன்னாவ. அது காணாம போனது இல்லியா? இஞ்ச எப்படி?"

சொன்னேன். சுவரைப் பார்த்துப் படுத்தபடி. எல்லாம்.

கஞ்சி ஆடை கட்டியது.

"அந்தச் சீட்டு நான்தானே எழுதினேன்" என்றார். "எனக்க கையால. எல்லாருக்க முன்னாலயும்." பிறகு, "நாணக்கேடு லில்லி. நாணக்கேடு." திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கதவைச் சாத்தாமல் வெளியே போய் முற்றத்தில் தேங்காய் உரித்தார். ஒன்றல்ல, பதினைந்து இருக்கும். சத்தம் கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

காலை ஒன்பதுக்குத் தனியாகப் போனேன். பெட்டி துணிப்பையில். ஜே. கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

அண்ணன் நடையில் உட்கார்ந்து பேப்பர். மைனி முறத்தில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். நான் எடுத்தேன். அன்றைக்குப் பைக்குள் இருந்தது. திருப்பி வைக்க வந்தேன், பயம். அம்மா கேட்டபோதும் இல்லை என்றேன். பெட்டியை அண்ணன் முன்னால் வைத்தேன்.

அண்ணன் பேட்ஜை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். கண் கலங்கியது. அப்பாவை நினைத்துத்தான். "அப்பாக்க நம்பரு" என்றான். பிறகு, "செரி, போவட்டு. பழைய காரியம். நீ என்ன, வேற வீட்டுச் சாமானா எடுத்த? இதுக்குப்போய் அழுதியா?"

"அண்ணே, மைனிய நீங்க சத்தியம் பண்ண வச்சிய."

"நானா?"

"பைபிளைத் தொட்டு."

"அப்படி ஒண்ணும் நடக்கல்லியே. அம்ம என்னமோ புலம்புனா, அது ஓர்ம உண்டு. பைபிளு? நான் அப்படிச் செய்வேனா?" உண்மையாகவே யோசித்தான். நடிக்கவில்லை. அதுதான் பயங்கரம். அவனுக்கு நினைவே இல்லை.

பயறு பொறுக்கும் சத்தம் நின்றது. மைனி எழுந்து உள்ளே போனார். வந்தார். வீட்டுப் பெரிய பைபிள். நடுவில் விரித்து அண்ணன் மடியில் வைத்தார். சங்கீதப் பக்கம். ஓரத்தில் மஞ்சளாக மூன்று விரல்.

"கறிக்கு அரச்சிட்டு நின்னேன். கையக் கழுவிட்டு வாரேன்னு சொன்னேன். கழுவ விடல்ல நீங்க. 'இப்பமே தொடு'ன்னிய."

அண்ணன் அந்த விரல்களைப் பார்த்தான். தன் விரலை அதன் மேல் வைக்கப் போய், எடுத்துக்கொண்டான். கண்ணாடியைக் கழற்றினான். பஸ் குரல் எங்கே போயிற்று.

நான் மைனி காலைத் தொடக் குனிந்தேன். இரண்டு அடி பின்னால் போனார்.

"அதெல்லாம் வேண்டாம் லில்லி. எந்திரி."

"என்ன செய்யணும் மைனி, சொல்லுங்க. என்ன சொன்னாலும் செய்யுதேன்."

யோசிக்கவே இல்லை, ரொம்ப நாளாகத் தயாராக இருந்தது போலச் சொன்னார். "உங்க அம்ம மூணு பேருகிட்ட சொன்னாவ, நான் களவெடுத்தேன்னு. ரெண்டு பேரு செத்தாச்சு. உங்க சித்தி இருக்காவ, குழித்துறையில. நான் அங்க போனா, மகக்காரி சுகந்தி பீரோச் சாவிய எடுத்து இடுப்புல சொருகிட்டுத்தான் எனக்குக் காப்பி போடுவா. பன்னெண்டு வருசமா. அங்க வந்து சொல்லு. நான் இருக்கும்போ சொல்லு."

சரி என்றேன். வெள்ளிக்கிழமை.

பெட்டியை மைனி பக்கம் தள்ளினேன். "எனக்கு எதுக்கு?" என்றார். எடுத்து வந்தேன்.

அக்டோபர் 23, வியாழன்

மேகமூட்டம். நாளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சாதகமாக ஒன்று உள்ளே நுழைந்துவிடுகிறது. 'அப்பா எனக்கு வாங்கினது', 'திருப்பி வைக்கத்தான் போனேன்'. அடியில் எழுதியிருப்பதைக் காட்டலாமா என்றுகூட.

காட்டக் கூடாது.

ஐயரம்மா போன். பரிசு விளக்கை வாங்கிக்கொள்ளவில்லையாமே. வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். ஏன் என்றார். யோர்தானுக்கு நான் போனதில்லை என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "பரவால்ல ஆன்ட்டி" என்றார்.

அக்டோபர் 24, வெள்ளி

தக்கலையில் பஸ். மைனி எனக்கு முன்னாலேயே வந்து நின்றார், நீலச் சேலை, கையில் குடை. பெண்கள் சீட்டில் இடம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தோம். மார்த்தாண்டம் பாலம் ஏறும்போது ஒரு குழந்தை வாந்தி எடுத்தது, மைனி தன் துண்டைக் கொடுத்தார்.

சித்திக்கு எண்பத்துநாலு. காது கேட்காது. மிஷின் வாங்கிக் கொடுத்தும் மாட்டுவதில்லை. முன்னறையில் கட்டில், ரோட்டைப் பார்த்த ஜன்னல். சுகந்தி "வாங்க வாங்க" என்றாள். மைனியைக் கண்டதும் கை தானாக மேசைமேல் கிடந்த சாவிக்குப் போனது. நான் முதல்தடவையாக அதைப் பார்த்தேன். எத்தனையோ முறை இங்கே இவரோடு வந்திருக்கிறேன். ஒருநாளும் பார்த்ததில்லை.

சித்தி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சித்தி, அம்மைக்க பெட்டி..."

"பட்டியா? பட்டி கடிச்சா?"

"நாய் இல்ல சித்தி. பெட்டி! அம்மைக்க பெட்டி!" சத்தமாகச் சொன்னேன். பெட்டியை எடுத்துக் காட்டினேன்.

சித்திக்குக் கண் நன்றாகத் தெரியும். "அக்காக்க பெட்டியில்லா! எங்க கிட்டிச்சு? ரெஜினா கொண்டுத் தந்தாளா?"

"மைனி எடுக்கல்ல!"

"என்னது?"

"மைனி எடுக்கல்ல சித்தி! நான் எடுத்தேன்!"

"யாரு?"

"நான்! லில்லி!" நெஞ்சில் கையை வைத்துக் கத்தினேன். "நான் களவெடுத்தேன்! அம்ம கேட்டப்பமும் இல்லன்னு பொய் சொன்னேன்! மைனி மேல பழி வந்தப்பமும் வாயத் தொறக்கல்ல!"

ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுப் பெண் துணி காயப்போட்ட கையோடு நின்றுவிட்டாள். ரோட்டில் சைக்கிளில் போனவர் திரும்பிப் பார்த்தார். நான் மனப்பாடம் செய்த மெதுவான வார்த்தை ஒன்றும் உதவவில்லை. காது கேட்காதவளிடம் எதையும் மென்மையாகச் சொல்ல முடியாது. எடுத்தேன், பொய் சொன்னேன். அதை மூன்று தடவை கத்தினேன்.

மைனி எதிர் நாற்காலியில். தன் கையைப் பார்த்துக்கொண்டு. ஒருமுறைகூட நிமிரவில்லை.

சித்தி என்னைப் பார்த்தாள். "நீ நல்லா படிச்ச பிள்ளையில்லா" என்றாள். அவ்வளவுதான். பிறகு பெட்டியை என் கையிலிருந்து வாங்கி, திறந்து, மூக்கருகே வைத்து மோந்தாள். "அக்காக்க மணம்." மூடித் தன் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். "இது இஞ்ச கெடக்கட்டு."

திருப்பிக் கேட்க எனக்கு வாய் இல்லை.

சித்தி மைனி பக்கம் திரும்பினாள். மன்னிப்பு, கின்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. "ரெஜினா, இவ போடுத காப்பி வெந்நி மாதிரி இருக்கும். நீ போய்ப் போடு. தூளு எங்க இருக்குன்னு எடுத்துப் பாரு. அலமாரி எல்லாம் தொறந்து பாரு."

சுகந்தியின் முகம் சிவந்தது. சாவியை மேசைமேல் வைத்தாள். "மைனி, நானும் வாரேன்" என்று பின்னால் போனாள். அடுக்களையில் பாத்திரச் சத்தம். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. குடித்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் இடம் நிறைய இருந்தும் மைனி முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்தார். பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நரைத்துவிட்டது. இவருக்கு வயது அறுபத்தெட்டு. களவுக்காரியாக இருந்தது ஐம்பத்தாறிலிருந்து.

தக்கலையில் இறங்கியதும் சொன்னார்: "சொன்ன சொல்லு போல வந்த. செரி. இனி ஞாயித்துக்கிழம சாப்பாட்டுக்கு வரண்டாம் லில்லி."

"சரி மைனி."

"உனக்குச் சோறு போடுத நேரமெல்லாம் நீ எனக்க மொகத்தப் பாத்துட்டுத்தானே இருந்த. அத நெனச்சா இனி போட எனக்கு மனசு வராது. கொஞ்ச நாளு ஆவட்டு. ஆவுமா ஆவாதான்னும் எனக்குத் தெரியாது."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மழை இல்லை, வெயில்.

அக்டோபர் 26, ஞாயிறு

வெயில் நல்ல வெயில். கோவிலில் வழக்கமான வரிசையில் உட்கார்ந்தேன். மைனி இரண்டு வரிசை முன்னால். பின்னால் யாரோ: "இவதான்." செய்தி குழித்துறையிலிருந்து எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருக்கிறது. ஆராதனை முடிந்ததும் மூன்று பெண்கள் மைனி கையைப் பிடித்துப் பேசினார்கள். எனக்கு எல்லாரும் வழிவிட்டார்கள், தேவைக்கு மேல்.

வீட்டில் சமையல். சோறு, பருப்பு, வாளைக் கருவாடு. ஷோகேஸ் சாமான்கள் இன்னும் அட்டைப் பெட்டிக்குள். திறக்கவில்லை. ஜே. "அடுக்கட்டா?" என்றார். வேண்டாம் என்றேன். அவர் இன்று என்னிடம் பேசிய நாலாவது வார்த்தையோ ஐந்தாவதோ.

ஒன்றரைக்கு அண்ணன் போன். குரல் இறங்கிப் போயிருந்தது. "லில்லி, ஏன் வரல்ல? இன்னக்கி நம்ம முறையில்லா. மீனு வாங்கி வச்சிருக்கு."

உடம்பு சரியில்லை என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. பாதி வந்துவிட்டது. "ஒடம்பு..." என்றேன். நிறுத்தினேன்.

"மைனி வரண்டாம்னு சொல்லிட்டாவ அண்ணே. அவிய சொன்னது சரிதான்."

போன் கைமாறும் சத்தம். மூச்சு. தெரியும், யாருடைய மூச்சு என்று.

"சாப்பிட்டியா?"

"இல்ல மைனி."

"சாப்பிடு."

வைத்துவிட்டார்.